கொலைப்பழியைக் கிதார் மேல் போடாதீர்கள்

கொலம்பியாவின் டெத் மெட்டல் இசையைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். படித்து முடித்தபோது கோபம்தான் மிஞ்சியது. மெதெயின் நகரத்தின் ஏழைக் குடியிருப்புகளில் 1980களில் பிறந்த ஓர் இசையை, அந்த நகரத்தைக் கொன்று தின்ற கும்பல்களோடு ஒரே வரிசையில் நிறுத்திவிட்டு, அதற்குப் பண்பாட்டு விமர்சனம் என்று பெயர் சூட்டியிருக்கிறார் கட்டுரையாளர். அமெரிக்காவையும் ஐரோப்பாவையும் பார்த்து எடுத்த நகல் இது என்கிறார். பிணங்கள் குவிந்த ஊரில் சாவைக் கொண்டாடிய வக்கிரம் என்கிறார். இளைஞர்களைக் கொலைக்குப் பழக்கியதே இதுதான் என்கிறார். மண்ணின் இசையான கும்பியாவும் வயெனாத்தோவும் இருக்கையில் இந்தக் கூச்சலுக்கு நகராட்சி மேடை போட்டுக் கொடுப்பது மக்கள் பணத்துக்குச் செய்யும் துரோகம் என்று முடிக்கிறார்.

கொலையிலிருந்தே தொடங்குகிறேன். அவருடைய கட்டுரை நிற்பதே அந்தக் குற்றச்சாட்டின் மேல்தான். 1991இல் மெதெயினில் 6,000க்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். லட்சம் பேருக்கு ஏறத்தாழ 380 கொலைகள். உலகத்தின் மிகக் கொடிய நகரம் என்ற பெயரை அந்த ஊர் வாங்கியது அப்போதுதான். அந்தச் சாவுகளுக்குக் காரணங்கள் உண்டு, ஆவணங்கள் உண்டு. பாப்லோ எஸ்கோபாரின் கோகெய்ன் கும்பல் அரசோடு போர் தொடுத்தது. கொல்லப்படும் ஒவ்வொரு போலீஸ்காரருக்கும் விலை வைத்தது. துணித் தொழிற்சாலைகள் தளர்ந்துபோய், மலைச்சரிவுகளில் வேலையில்லாமல் நின்ற பதினைந்து பதினாறு வயதுப் பையன்களின் கையில் துப்பாக்கியைக் கொடுத்து மோட்டார் சைக்கிளில் ஏற்றி அனுப்பியது. கொரில்லாக்களின் ஆதரவுப் படைகள், துணைராணுவக் குழுக்கள், சமூகச் சுத்திகரிப்பு என்று சொல்லிக்கொண்டு இரவில் வந்து சுட்டுவிட்டுப் போனவர்கள் என்று எல்லோரும் அதே தெருக்களில் கொன்றார்கள். 1992 நவம்பரில் வியாத்தினா பகுதியில் ஒன்பது பேர் ஒரே இரவில் சுட்டு வீழ்த்தப்பட்டார்கள். பெரும்பாலோர் சிறுவர்கள். சுட்டவர்கள் போலீஸ்காரர்கள். பின்னாளில் அமெரிக்க நாடுகளிடை மனித உரிமை ஆணையத்தின் முன் கொலம்பிய அரசே அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டது.

இவ்வளவும் பதிவாகிக் கிடக்கும்போது, குற்றவாளியைத் தேடிப் புறப்பட்ட கட்டுரையாளரின் கண்ணில் பட்டது கறுப்புச் சட்டையும் நீள முடியும்தான். கூலிக்குக் கொன்ற பையன்களில் சிலர் மெட்டல் கேட்டார்கள் என்பதே அவர் வைக்கும் ஒரே சாட்சியம். கேட்டிருக்கலாம். சால்சா கேட்டவர்கள் கையிலும் ராஞ்செரா கேட்டவர்கள் கையிலும் அதே துப்பாக்கிதான் இருந்தது. அலோன்சோ சலாசார் என்ற பத்திரிகையாளர் அந்தப் பையன்களோடு நேரில் பேசி, 1990இல் ஒரு நூல் வெளியிட்டார். பிற்காலத்தில் அதே நகரத்துக்கு மேயராகவும் ஆனார். அவர் எழுதியதைப் படித்தவர்களுக்குத் தெரியும், அந்தப் பையன்களின் உலகத்தில் முதலிடம் யாருக்கு என்று. அம்மாவுக்கும் மாதாவுக்கும். மெதெயினை ஒட்டிய சபனேத்தா கோயிலின் சகாய மாதாவிடம் செவ்வாய்க்கிழமைகளில் போய் மண்டியிட்டார்கள். உடம்பில் உத்தரியம் கட்டிக்கொண்டார்கள். கை நடுங்காமல் இருக்க வேண்டும், குறி தப்பக் கூடாது என்று வேண்டிக்கொண்டார்கள். பெர்னாந்தோ வாயெகோ 1994இல் எழுதிய நாவல் தலைப்பிலேயே அந்த மாதாவைத் தாங்கியிருக்கிறது.

கொலைகாரன் உடம்பில் இருந்த உத்தரியத்தைக் காட்டி, மாதா வழிபாடு இளைஞர்களைக் கொலைக்குப் பழக்கியது என்று கட்டுரையாளர் எழுதுவாரா? எழுத மாட்டார். எழுதவும் கூடாது. அதே மாதாவின் முன்னால் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மாரும் அழுதுகொண்டு நின்றார்கள். கால்பந்தைப் பற்றி இப்படி எழுதுவாரா? கும்பல்களின் பணம் கொலம்பியக் கால்பந்துக்குள் வெள்ளமாகப் பாய்ந்த காலம் அது. 1989 நவம்பரில் அல்வாரோ ஒர்தேகா என்ற நடுவரை மெதெயினில் சுட்டுக் கொன்றார்கள். அந்த ஆண்டின் தேசிய லீக் போட்டியே ரத்தானது. 1994 உலகக் கோப்பையில் தன் வலைக்குள்ளேயே பந்தைத் தள்ளிய கொலம்பிய வீரர் ஆந்த்ரெஸ் எஸ்கோபார் ஊர் திரும்பிய சில நாட்களில் அதே நகரத்தில் சுடப்பட்டு இறந்தார். கால்பந்து கொலை செய்யச் சொல்லிக் கொடுக்கிறது என்று எவரும் எழுதவில்லை. வழிபாட்டுக்கும் விளையாட்டுக்கும் கொடுக்கிற நியாயத்தை இந்த இசைக்குக் கொடுக்கக் கட்டுரையாளருக்கு மனம் வரவில்லை. காதுக்குப் பிடிக்காத ஒன்றைக் குற்றவாளி ஆக்குவது எளிது என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் எனக்குத் தென்படவில்லை.

அடுத்தது சாத்தான் வழிபாடு என்ற பழி. மெதெயினின் பராபெல்லும் என்ற மெட்டல் குழு 1983இல் தோன்றியது. 1987இல் வந்த அவர்களுடைய முதல் இசைத்தட்டில் இரண்டே பாட்டு. தெய்வ நிந்தனை என்று பொருள்படும் ‘சாக்ரிலேஹியோ’ அதன் பெயர். கட்டுரையாளர் இதை எடுத்து வைத்துக்கொண்டு சாத்தான் வழிபாடு என்கிறார். அந்த நிந்தனை எந்த ஊரில், யார் காதில் விழும்படி சொல்லப்பட்டது என்று அவர் கேட்டிருக்க வேண்டாமா? ஏழைகளின் பக்கம் நிற்பதே திருச்சபையின் வழி என்று லத்தீன் அமெரிக்க ஆயர்கள் 1968இல் கூடி அறிவித்தது இதே மெதெயினில். பதினோரு ஆண்டுகள் கழித்து அங்கே பேராயராக வந்த அல்போன்சோ லோபஸ் த்ருஹியோ, அந்தப் பாதையில் வளர்ந்த விடுதலை இறையியலின் பெரிய எதிரிகளில் ஒருவர். 1991 வரை, நகரம் ரத்தத்தில் மூழ்கிக்கொண்டிருந்த ஆண்டுகளில், பேராயர் பீடத்தில் இருந்தவர் அவர். இப்படிப்பட்ட ஊரில், மலைச்சரிவில் பிறந்து, ஞானஸ்நானம் பெற்று, நண்பர்களின் அடக்கத்துக்காகக் கோயில் படி ஏறிய பையன்கள் கடவுளைத் திட்டினார்கள். அதில் வழிபாடு எங்கே இருக்கிறது? நம்பிக்கை வைத்து ஏமாந்தவர்கள் போட்ட சண்டை அது. கடவுளை ஒரு பொருட்டாக மதிக்காதவன் அவரை இத்தனை சத்தமாகத் திட்ட மாட்டான்.

இசைதான் வன்முறையை உண்டாக்குகிறது என்றால் நார்வேயைக் கட்டுரையாளர் விளக்க வேண்டும். அவரே அந்த நாட்டைக் குறிப்பிட்டுவிட்டு வேகமாகக் கடந்து போகிறார். 1992இல் ஃபான்டாஃப்ட் மரத்தேவாலயம் எரிந்தது. தொடர்ந்து பல கோயில்கள் எரிந்தன. 1993 ஆகஸ்டில் மேஹெம் குழுவின் யூரோனிமஸை வேறொரு மெட்டல் இசைக்கலைஞர் குத்திக் கொன்றார். உலகத்திலேயே பாதுகாப்பான, செல்வம் கொழிக்கும் நாடுகளில் ஒன்றில் நடந்தது இது. அதே காலத்தில், அதே வகை இசையை வாசித்த மெதெயின் குழுக்களைச் சுற்றி ஊரே எரிந்துகொண்டிருந்தது. துப்பாக்கி தெருமுனையில் கிடைத்தது. அங்கே மெட்டல் குழுக்கள் கோயில்களைக் கொளுத்திய வரிசை எதுவும் கிடையாது. பயிற்சி முடித்து வீட்டுக்குப் போய்ச் சேர்வதே அவர்களுக்குப் பெரும்பாடாக இருந்தது. இசை ஒன்றுதான், விளைவு வேறு. அப்படியானால் காரணத்தை இசைக்கு வெளியே தேட வேண்டும் என்பது அடிப்படைத் தர்க்கம். கட்டுரையாளர் அந்த ஒரு படியைக்கூட ஏறவில்லை.

அவர் பார்த்திருக்க வேண்டிய படம் ஒன்று உண்டு. விக்டர் கவிரியா இயக்கிய ‘ரோட்ரிகோ டி: நோ ஃபுதுரோ’. கான் விழாவின் போட்டிப் பிரிவுக்கு 1990இல் போன கொலம்பியப் படம். நடித்தவர்கள் தொழில்முறை நடிகர்கள் இல்லை, அந்தக் குடியிருப்புகளின் பையன்களே. நாயகன் ரோட்ரிகோவுக்கு ஓர் ஆசைதான்: டிரம்ஸ் வாசிக்க வேண்டும். டிரம்ஸ் வாங்கக் காசில்லை. குச்சிகளை மட்டும் வைத்துக்கொண்டு கண்ணில் படுகிற இடத்திலெல்லாம் தட்டிக்கொண்டே திரிகிறான். படம் முழுக்க அந்த ஊரின் பங்க் இசையும் மெட்டல் இசையும் ஒலிக்கின்றன. அதில் நடித்த பையன்களில் சிலர் படம் திரைக்கு வரும் முன்னரே கொல்லப்பட்டுவிட்டார்கள். ரோட்ரிகோவாக நடித்த ரமீரோ மெனெசெஸ் நிஜத்திலும் ஒரு பங்க் குழுவில் டிரம்ஸ் வாசித்தவர். அவர் பிழைத்தார். பிறகு நடிகராக, இயக்குநராக வாழ்ந்துகொண்டிருக்கிறார். டிரம்ஸ்தான் அவரைக் காப்பாற்றியது என்று நான் சொல்ல மாட்டேன். ஓரிருவரின் கதையை வைத்து விதி எழுதும் பிழையைக் கட்டுரையாளர் செய்கிறார் என்று சொல்லிவிட்டு அதையே நானும் செய்யக் கூடாது. ஆனால் அந்தப் பையன்கள் கையில் குச்சி இருந்த நேரமெல்லாம் கையில் துப்பாக்கி இல்லாத நேரம்தான். இதை மறுக்க அவரிடம் என்ன இருக்கிறது?

சாவைக் கொண்டாடினார்கள் என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன். 1988 மார்ச்சில், மெதெயின் தலைநகராக இருக்கும் அந்தியோக்கியா மாநிலத்தில், உராபாவின் வாழைத்தோட்டங்களில் தொழிலாளிகளை வரிசையாகச் சுட்டுக் கொன்றார்கள். அதே ஆண்டு நவம்பரில், அதே மாநிலத்தில், செகோவியா என்ற தங்கச்சுரங்க ஊருக்குள் துணைராணுவத்தினர் புகுந்து 40க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றார்கள். நாளிதழ்களின் முதல் பக்கத்தில் வாரம் தவறாமல் வந்துகொண்டிருந்த சொல் படுகொலை. அதே 1988இல் மெதெயினில் தொடங்கிய ஒரு டெத் மெட்டல் குழு தனக்கு மசாக்ரே, அதாவது படுகொலை, என்று பெயர் வைத்துக்கொண்டது. மறு ஆண்டு அவர்கள் வெளியிட்ட மாதிரிப் பதிவின் தலைப்பு, கொலம்பியா ஒரு பயங்கரத்தின் பேரரசு என்று பொருள்படுவது. 1991இல் ஒரு சிறு தட்டுக்கு ‘வன்முறை அலை’ என்று பெயர். அதே ஆண்டு பிரான்சின் ஆஸ்மோஸ் நிறுவனம் வெளியிட்ட முழுநீளத் தட்டின் பெயர் ‘ரெக்வியம்’. இறந்தவர்களுக்காகக் கத்தோலிக்கர்கள் ஒப்புக்கொடுக்கும் பூசையின் பெயர் அது. இந்தத் தலைப்புகளை வரிசையாக வைத்துப் பார்க்கிற எவருக்கும் கொண்டாட்டம் எங்கே தெரிகிறது? ஃபுளோரிடாவின் டெத் மெட்டல் குழுக்கள் பேய்ப் படங்களிலிருந்து பிணங்களை எடுத்தபோது, இவர்களுக்குக் கதவைத் திறந்தால் போதுமானதாக இருந்தது. ஊரே வாய்பொத்தி நின்றது. பேசியவன் சுடப்பட்டான். வழக்கு விசாரித்த நீதிபதிகள் சுடப்பட்டார்கள், செய்தி எழுதியவர்கள் சுடப்பட்டார்கள். அந்த நேரத்தில் நாட்டின் பெயரைச் சொல்லி, அதன் மேல் பயங்கரம் என்று எழுதி, கேசட்டில் பதிந்து, தபாலில் உலகம் முழுக்க அனுப்பியவர்கள் இந்தப் பையன்கள். இதை வக்கிரம் என்று அழைக்க ஒருவருக்குத் தைரியம் வேண்டியதில்லை, அக்கறையின்மை போதும்.

இந்த இசைவட்டத்தில் நான் ஏற்றுக்கொள்ளாதது உண்டு. மசாக்ரேயில் டிரம்ஸ் வாசித்த, புல் மெட்டல் என்று அறியப்பட்டவர் 1995இல் தன் வார்மாஸ்டர் நிறுவனத்தின் வழியே மேஹெம் குழுவின் மேடைப் பதிவு ஒன்றைத் திருட்டுத்தட்டாக வெளியிட்டார். தற்கொலை செய்துகொண்ட அந்தக் குழுவின் பாடகருடைய சடலத்தின் புகைப்படம்தான் அட்டை. அது கொடூரம். ஒரு மனிதனின் மரணத்தை அட்டைப்படமாக விற்றதற்கு எந்த விளக்கமும் எனக்கு வேண்டாம். அந்தப் படத்தை எடுத்தது யூரோனிமஸ் என்பதும், நார்வேயிலிருந்து கடிதத்தோடு அது வந்து சேர்ந்தது என்பதும் வெளியிட்டவரின் பொறுப்பைக் குறைக்காது. கட்டுரையாளர் இதைக் கண்டித்து எழுதியிருந்தால் நானும் அவர் பக்கம் நின்றிருப்பேன். ஆனால் அவர் இந்த ஒற்றை அட்டையைத் தூக்கிக் காட்டி, பல பத்தாண்டுகளாக இயங்கிவரும் ஒரு நகரத்தின் இசையை முழுவதுமாக அந்தச் சட்டகத்துக்குள் அடைக்கிறார்.

நகல் என்கிறாரே, அதையும் பார்த்துவிடலாம். வெனம், ஹெல்ஹாமர் போன்ற குழுக்களின் கேசட்டுகள் மெதெயினுக்கு வந்தன, கைக்குக் கை பிரதியெடுக்கப்பட்டன. அதை யாரும் மறைக்கவில்லை. ஆனால் ஆண்டுகளைப் பாருங்கள். டெத் மெட்டலின் முதல் தட்டுகளில் ஒன்றாகப் பெயர்பெற்ற, டெத் குழுவின் ‘ஸ்க்ரீம் பிளடி கோர்’ வந்தது 1987இல். மேஹெமின் ‘டெத்க்ரஷ்’ 1987இல். பராபெல்லுமின் தட்டும் 1987இல். மூன்று மூலைகளில் ஒரே நேரத்தில் நடந்ததில் எது மூலம், எது நகல்? பராபெல்லுமைக் கேட்டுப் பார்த்திருந்தால் இந்தச் சொல்லை அவர் எழுதியிருக்கவே மாட்டார். அந்த ஒலி வேறெங்கும் கிடையாது. கிதார் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போகிறது. டிரம்ஸ் அதோடு சேராமல் தடுக்கி, மோதி, மீண்டும் எழுந்து ஓடுகிறது. குரல் பாடலுக்குள் அடங்காமல் வெளியே நின்று அலறுகிறது. ஃபுளோரிடாவின் சீரான இயந்திர ஒழுங்கு அதில் இல்லை. அந்த ஒலிக்கு மெதெயின்காரர்கள் அல்ட்ரா மெட்டல் என்று தாங்களே பெயர் வைத்தார்கள். ஊரின் செல்லப்பெயரைச் சேர்த்து மெட்டல் மெதாயோ என்றும் அழைத்தார்கள். பராபெல்லும், ரீஎன்கார்னாசியோன், ப்ளாஸ்ஃபேமியா, மசாக்ரே என்று இவர்கள் எல்லோரும் ஸ்பானிய மொழியில் பாடியவர்கள். ஆங்கிலத்தில் பாடினால் வெளிநாட்டில் விற்கும் என்று தெரிந்திருந்த காலத்தில் ஊர்க்காரனுக்குப் புரிய வேண்டும் என்று முடிவெடுத்தவர்கள். நகலெடுப்பவன் செய்கிற காரியமா இது?

மண்ணின் இசை என்ற வாதம் அதைவிடப் பலவீனமானது. மெதெயின் தன் உயிராகக் கருதும் இசைகளில் ஒன்று டாங்கோ. அது அர்ஜென்டினாவிலிருந்து வந்தது. டாங்கோப் பாடகர் கார்லோஸ் கார்தெல் 1935 ஜூன் 24 அன்று மெதெயின் விமானத் தளத்தில் நடந்த விபத்தில் இறந்தார். அன்றிலிருந்து அந்த ஊர் அவரைத் தன்னுடையவராக்கிக்கொண்டது. மன்ரிகே பகுதியில் டாங்கோவுக்கென்றே வீடும் தெருவும் இருக்கின்றன. தொழிற்சாலைத் தொழிலாளர்களின் துக்கத்துக்கு அந்நிய நாட்டு இசை பொருந்தியபோது அது மண்ணின் இசையானது. அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் துக்கத்துக்கு வேறொரு அந்நிய இசை பொருந்தினால் அது அடிமைத்தனமா? கட்டுரையாளர் போற்றும் வயெனாத்தோவின் உயிர்நாடியான அக்கார்டியன் ஜெர்மனியிலிருந்து கப்பலில் வந்த பெட்டி. அதை யாரும் திருப்பி அனுப்பச் சொல்லவில்லை.

இன்னொன்றையும் அவர் பார்க்கத் தவறியிருக்கிறார். மெதெயின்தான் கொலம்பிய இசைத்தட்டுத் தொழிலின் தலைநகரமாக இருந்தது. டிஸ்கோஸ் ஃபுவென்தெஸ் 1950களில் கார்த்தகேனாவிலிருந்து இடம்பெயர்ந்து வந்தது இந்த ஊருக்கு. கோதிஸ்கோஸ், சோனோலுக்ஸ் என்று மற்றப் பெரிய நிறுவனங்களும் இங்கேதான் இருந்தன. 1961 முதல் ஆண்டுதோறும் கிறிஸ்துமஸ் காலத்துக்கு ஃபுவென்தெஸ் வெளியிடும் நடனப் பாடல் தொகுப்பு நாடு முழுக்க ஒலிக்கும். அந்த இசையை நானும் விரும்பிக் கேட்பவன். கும்பியாவுக்கு எதிராக ஒரு சொல்லும் நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஊர் மிக அதிகமாகப் பிணம் சுமந்த ஆண்டின் டிசம்பரிலும் ஆட்டப் பாட்டுக்கு அச்சகமும் கடையும் வானொலியும் காத்திருந்தன. துக்கத்துக்கும் கோபத்துக்கும் அந்தத் தொழிலில் இடமில்லை. அதை விற்க எவருக்கும் விருப்பமில்லை. ஆகவே பையன்கள் தாங்களே காசு சேர்த்தார்கள். இறக்குமதி வரி கிதாரையும் ஒலிபெருக்கியையும் எட்டாத உயரத்தில் வைத்திருந்த நாட்டில், கிடைத்ததை ஒட்டுப்போட்டு வாசித்தார்கள். 1985இல் லா மகரேனா காளைச்சண்டை அரங்கில் நடந்த குழுக்களின் போட்டியில் பராபெல்லும் ஏறியபோது கல் பறந்தது, நிகழ்ச்சி கலவரத்தில் முடிந்தது. அந்தக் கலவரத்தைக் கட்டுரையாளர் இசையின் கணக்கில் எழுதுகிறார். வசதியான பகுதிகளின் பிள்ளைகளும் மலைச்சரிவுப் பிள்ளைகளும் ஒரே அரங்குக்குள் எதிரெதிரே உட்கார்ந்ததை அவர் எந்தக் கணக்கில் எழுதுவார்?

ஹுவானெஸின் சமாதானப் பாடல்களை எதிர் உதாரணமாகக் காட்டுகிறார். மெதெயினின் அழிவுக்குப் பதில் சொன்ன உண்மையான இசை அதுதானாம். 1988இல் மெதெயினில் எக்கிமோசிஸ் என்ற மெட்டல் குழுவைத் தொடங்கி அதில் கிதார் வாசித்துப் பாடியவர்தான் இந்த ஹுவானெஸ். உலகம் அறிந்த பாடகராவதற்கு முன் பத்தாண்டு அந்தக் குழுவில் இருந்தார். அவருடைய முதல் பள்ளிக்கூடமே கட்டுரையாளர் கொலைக்கூடம் என்று எழுதிய இடம்தான். இந்த அடிப்படைத் தகவல்கூடத் தெரியாமல் ஒரு நகரத்தின் இசை வரலாற்றுக்குத் தீர்ப்பு எழுதியிருக்கிறார். ஹுவானெஸை நற்சான்றிதழாகக் காட்ட வேண்டிய நிலை மெட்டலுக்கு இல்லை. அவர் சமாதானக் கச்சேரி நடத்தாமல் போயிருந்தாலும் பராபெல்லும் செய்தது அதே மதிப்போடு இருந்திருக்கும்.

மக்கள் பணம் பற்றிய கடைசிப் புகார். போகோத்தாவில் 1995 முதல் நகராட்சி நடத்தும் ரொக் அல் பார்க்கே விழாவுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. லட்சக்கணக்கானோர் கூடுகிறார்கள், மெட்டல் குழுக்களின் நாள் கூட்டம் நிரம்பி வழியும் நாள்களில் ஒன்று. மெதெயின் நகராட்சி 2004இல் அல்தாவோஸ் விழாவைத் தொடங்கியது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்தான், 2002 அக்டோபரில், அதே நகரத்தின் 13ஆம் கொமூனா என்ற குடியிருப்புப் பகுதிக்குள் ராணுவமும் போலீஸும் ஹெலிகாப்டர்களோடு புகுந்தன. காணாமல் போனவர்களின் எலும்புகளை அங்கே மேட்டுக் குப்பைமண்ணில் குடும்பத்தினர் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அந்த ஹெலிகாப்டர்களுக்கும் மக்கள் பணம்தான் செலவானது. அதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரி இல்லை. ஒரு தெருக்காரன் அடுத்த தெருவுக்குள் கால் வைத்தால் செத்துப்போகும் எல்லைக்கோடுகள் இருந்த ஊரில், எல்லாத் தெருப் பிள்ளைகளும் கறுப்புச் சட்டையோடு ஒரே மைதானத்தில் வந்து நின்று, தலையைச் சுழற்றி ஆடி, வீடு திரும்ப ஒரு நகராட்சி செலவு செய்கிறது. அதைத் துரோகம் என்று எழுதியதைக் கட்டுரையாளர் அடுத்த இதழிலேயே திரும்பப் பெற வேண்டும். கொலைக்குப் பழக்கினார்கள் என்று எழுதியதற்கு, அந்தப் படத்தில் நடித்துவிட்டுத் திரையில் தங்களைப் பார்க்காமலேயே போன பையன்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.